பூம்புகார் முதல் வேளாங்கண்ணி வரை: இரண்டு சைக்கிள், ஒரு பகல்

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாதவர்களும் கேட்கிறார்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தவர்களும் கேட்கிறார்கள்: "டீச்சர், நீங்களும் சாரும் கடலோரமா சைக்கிள்ல போறீங்களாமே, நாங்களும் போலாமா?" தாராளமாகப் போகலாம். கரும்பலகையில் எண் போட்டு எழுதிய கை இது, அதனால் அப்படியே எண் போட்டுச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வழி பூம்புகாரில் தொடங்கித் திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று இறங்கி வேளாங்கண்ணியில் முடிவது. அங்கே இங்கே ஒதுங்குவதையும் சேர்த்தால் 65 முதல் 70 கிலோமீட்டர் வரும். மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களைத் தவிர ஒன்றும் கிடையாது.

1. மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். பெரும்பாலும் வீட்டுக்காரர் முன்னால் பறந்துவிடுவார். இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் காலை ஊன்றி நின்றுகொண்டு, காத்திருப்பதையே பெரிய உபகாரமாகக் காட்டிக்கொள்வார். அவள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது அவர் இளைப்பாறி முடித்திருப்பார். "சரி, கிளம்பலாமா?" என்பார். அப்புறம் அவளுக்கு இளைப்பாற நேரம் ஏது? இப்படியே நாலு நிறுத்தம் போனால் ஓய்வெல்லாம் ஒருவருக்கு, களைப்பெல்லாம் இன்னொருவருக்கு என்று ஆகிவிடும். மெதுவானவர் முன்னால் போனால் இந்தத் தொல்லையே இல்லை. பின்னால் வருகிறவர் அந்த மிதிக்கு இணங்கித் தன் மிதியை அடக்கிக்கொள்ள வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அவருக்குக் கால் குறுகுறுக்கும், பிறகு பழகிவிடும். மெதுவானவர் எப்போதும் பெண்தான் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் வெகுநாள் நான் முன்னால் போனேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இவர் முன்னால் போகிறார்.

மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போதும். மொத்தத்தில் ஐந்து மணி நேர மிதிப்பு, மிச்சப் பகல் உங்கள் கையில். சுமையெல்லாம் வலுவுள்ளவர் கேரியரில் ஏறட்டும். பின்னால் வருகிறவருக்கு ஒரு காவல் வேலையும் உண்டு. ஹேண்டில்பாரில் சின்னக் கண்ணாடி ஒன்று மாட்டிக்கொண்டு, லாரி வருகிறதென்றால் ஒரு மணி, நிற்க வேண்டுமென்றால் இரண்டு மணி அடிக்க வேண்டும். கூப்பிட்டுப் பேசாதீர்கள். கடற்காற்றில் பாதி வார்த்தை பறந்துபோய் மீதி திட்டுவது மாதிரியே காதில் விழும்.

2. தூரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நாம் கிளம்புகிற பூம்புகாரிலிருந்துதான் கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புறப்பட்டார்கள். ஒரு காதம்தான் கடந்திருப்பார்கள், கால் நொந்த கண்ணகி மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் இருக்கிறது என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லி, பக்கம்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறான் அந்த மனுஷன். அன்றிலிருந்து வீட்டுக்காரர்கள் மாறவில்லை. "இதோ வந்துடுச்சு" என்று ஒருமுறை சொல்லி அது வராமல் போனால், அடுத்து நீங்கள் சொல்லும் எந்தக் கணக்கையும் அவள் நம்பமாட்டாள். அதனால் கிளம்புமுன் இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூம்புகார் - திருக்கடையூர் 13 கிலோமீட்டர் போல, அங்கிருந்து தரங்கம்பாடி 8 அல்லது 9, காரைக்கால் 14, நாகூர் 13, நாகப்பட்டினம் 6, வேளாங்கண்ணி 12. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். தாள் அவள் பையில் இருக்கட்டும்.

3. மாதம் பார்த்துப் போங்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் தலைகாட்டவே வேண்டாம். பொங்கல் கழிந்து மாசி நடுவரை சுகமான காலம். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்து முதுகில் கை வைத்துத் தள்ளும். வடக்கிலிருந்து தெற்கே போகச் சொல்வது அதனால்தான். பங்குனியில் காற்று திரும்பிவிடும். அப்போது அதே தெற்கு வழியில் முகத்திலேயே மோதும், சமதரையே மேடாகிவிடும். சித்திரை வைகாசியில் அந்த வெயிலோடும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டும். காற்று விஷயத்தில் கைப்பேசியைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தரங்கம்பாடிக் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "இன்னிக்கு வாடையா, கொண்டலாங்க ஐயா?" என்று கேளுங்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று எப்படி மாறும் என்பதுவரை சொல்லிவிடுவார்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. சாலையோரம் முழுக்க நடந்து வருகிறவர்களுக்குத்தான் சொந்தம், சைக்கிளுக்கு இடமிருக்காது. நாகூர் கந்தூரி நாள் வருஷா வருஷம் மாறும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

4. சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். கியர் வேண்டுமா, என்ன விலைக்கு வாங்கலாம் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் சீட் தாழ்வு, அதோடு 60 கிலோமீட்டர் மிதித்தால் சாயங்காலம் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். எட்டி எட்டி மிதிக்க வேண்டியிருந்தால் சீட் உயரம், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். வீட்டில் சும்மா கிடக்கும் தம்பியின் சைக்கிளையோ அண்ணனின் சைக்கிளையோ பெண்ணுக்குக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அவள் உயரத்துக்குச் சரிசெய்யாமல் அதில் ஏறச் சொல்லாதீர்கள். "பஞ்சு கவர் போட்டா சரியாயிடும்" என்பார் கடைக்காரர், சரியாகாது. ஒரு மாதம் முன்னிருந்தே விடியற்காலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் வந்தால் உட்காருமிடம் தானாகப் பழகும்.

5. பஞ்சர் போட இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். இந்தப் பாதையில் ஆணி கம்மி, சீமைக்கருவேல முள் ஜாஸ்தி. ஆற்றோரம் வெட்டிப்போட்ட கிளை சாலை ஓரத்தில் கிடக்கும். டியூபைக் கழற்றி ஒட்டிவிட்டு அப்படியே மாட்டினால், டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள்முனை ஒரு பர்லாங்கில் மறுபடி குத்தும். டயரின் உள்பக்கத்தில் விரலை மெல்ல ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கறுப்பு முனை விரலில் சுருக்கென்று தட்டும். அதை வெளிப்பக்கமிருந்து குத்தித் தள்ளி, உள்ளேயிருந்து பிடுங்கி எடுத்துவிட்டுத்தான் டியூப் போட வேண்டும். ஆளுக்கொரு டியூப், ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், டயர் நெம்பி, கைப்பம்பு இவ்வளவு போதும்.

வழியில் பஞ்சர் கடைகள் உண்டு. ஆனால் அவை மோட்டார் சைக்கிளுக்கும் டிராக்டருக்குமானவை. உங்கள் புது சைக்கிளில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் கடைக் குழாய் அதில் பிடிக்காது. அதற்கென்று பித்தளையில் சின்ன அடாப்டர் விற்கிறது, விரல்நுனி அளவுதான். வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். பழைய மாதிரி சைக்கிளாக இருந்தால் ஒரு முழம் வால்டியூப்.

6. உடுப்பு அவரவர் இஷ்டம். துப்பட்டா வேண்டாம், வேண்டுமென்றால் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடியுங்கள். பேன்ட்டின் வலது கால் செயினில் மாட்டும், கிளிப் போடுங்கள். தெற்கே போவதால் காலையில் இடது கன்னமும் இடது கையும் வெயிலில் வெந்துபோகும். முழுக்கைச் சட்டை நல்லது. ஹெல்மெட் கட்டாயம், அதில் பேச்சுக்கே இடமில்லை.

7. தண்ணீரைப் பற்றிப் பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாடி, கழிவறை எங்கே இருக்குமோ என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதே. நாம் எல்லாரும் பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய கெட்ட பழக்கம் அது. சைக்கிளில் அதன் பலன் மத்தியானமே தெரிந்துவிடும். தலைவலி வரும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், சிறுநீர் கடுத்துப்போகும். அடர்மஞ்சளாகப் போனாலே தண்ணீர் போதவில்லை என்று தெரிந்துகொள். இடங்களை முன்கூட்டியே பாடம் பண்ணிக்கொள்: திருக்கடையூரில் கோயில் பக்கம், காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் பேருந்து நிலையம், நடுவில் பெட்ரோல் பங்க். பங்கில் கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. சாவி கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்கத் தயங்கினால் தம்பி, நீ போய்க் கேள். அவள் கேட்கும்வரை காத்திருக்காமல், இந்த இடங்கள் வரும்போதெல்லாம் நீயாகவே வண்டியை நிறுத்து. மாதவிலக்கு நாளாக இருந்தால் போவதா தள்ளிப்போடுவதா என்பது அவள் முடிவு, அதில் யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி அளந்தது. கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர். வழியில் மோர் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

8. பூம்புகாரில் வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். தை மாதத்தில் ஆறரையை ஒட்டிச் சூரியன் எழும்பும். கடலைப் பாருங்கள், இறங்காதீர்கள். அங்கே இழுவை அதிகம். நல்ல காலையை மணலில் படம் எடுத்தே கழித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்கள் மத்தியான வெயிலில் திருமலைராயன்பட்டினத்தில் தவிப்பார்கள்.

எட்டு மணிக்குள் திருக்கடையூர் தாண்டிவிட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அபிராமி சந்நிதியில் வருஷம் முழுக்க அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம். முகூர்த்த நாளில் வேன்களும் கார்களும் தெருவை அடைத்துவிடும். பேரன் பேத்திகள் குறுக்கே ஓடுவார்கள். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மாலை கனத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, "மெதுவா, படி இருக்கு" என்று கிழவர் கிழவியின் கையைப் பிடிப்பதைப் பார்க்கலாம். நாங்கள் அங்கே காப்பி குடிக்காமல் வந்ததில்லை.

9. பசிக்குமுன் சாப்பிடுங்கள். சண்டைகளின் காலநேரத்தைப் பார்த்தால் முக்கால்வாசி முற்பகல் பதினொரு மணிக்கு வரும். காரணம் மாமியார் வீட்டு விஷயமாகத் தெரியும், உண்மையில் காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி தீர்ந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசிக்கிறதோ இல்லையோ, ஒரு பூவம்பழமோ கடலைமிட்டாயோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் வெண்பொங்கல் கூடாது. நெய் மினுக்க மிளகு தெரிய கூப்பிடும்தான், ஆனால் சாப்பிட்டு சைக்கிளில் ஏறினால் கண்ணைச் சொக்கும். முகம் ஒருவருக்குச் சுண்டிவிட்டால் பேச்சை விட்டுவிட்டு முதலில் பழத்தை நீட்டுங்கள். சாப்பிட்ட பிறகும் சண்டை மிச்சமிருந்தால் அது நிஜமான சண்டை, ராத்திரி அறையில் வைத்துக்கொள்ளலாம்.

10. தரங்கம்பாடியில் அவசரப்படாதீர்கள். ஒரு பகலில் ஓரிடத்தில் மட்டும் நன்றாக நிற்கலாம் என்றால் அது இங்கே. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்க் இங்கேயே அச்சுக்கூடம் வைத்து 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஊர்வாசலில் சைக்கிளை விட்டு இறங்கி ராஜவீதியில் நடந்தே போங்கள். கோட்டைக்கு வடக்கே, கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. இப்போது பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். அலை கல்லில் அடித்துத் தெறிக்கும் உப்புத்தூறல் உங்கள் சைக்கிள் கம்பிவரை வரும், அதனால் அங்கே சாத்தி வைக்காதீர்கள்.

பத்தரைக்குக் கிளம்பினால் போதும்.

11. சாலையைப் பற்றி. புதிதாகப் போட்ட நான்குவழிச் சாலைப் பக்கம் போகாதீர்கள். ஊருக்குள் நுழைந்து போகிற பழைய சாலையைப் பிடியுங்கள். அதில் தனியார் பஸ்களின் ஹாரன் உயிரை வாங்கும், ஆனால் நிழலும் டீக்கடையும் இருக்கும். ஒருவர் பின் ஒருவராகவே போங்கள், நடுவில் இரண்டு சைக்கிள் நீளம் விட்டு. பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவதெல்லாம் ஊர்த் தெருவில் மட்டும். குறுகலான பாலம் வந்தால் பின்னால் பஸ் இல்லை என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். இருந்தால் நின்று அதை அனுப்பிவிடுங்கள்.

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலை பாதி களமாகிவிடும். தை மாசியில் நெல்லும் வைக்கோலும் காயும். அதற்குப் பிறகு உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து, வண்டிகள் ஏறி மிதித்துக் காய் உடையட்டும் என்று சாலையில் பரப்பிவிடுவார்கள். காருக்கு ஒன்றுமில்லை. சைக்கிளுக்கோ கொடி பின்சக்கர அச்சில் சுற்றி, பல்சக்கரத்துக்குள் புகுந்து, செயினை நிறுத்திவிடும். இழுத்தால் இன்னும் இறுகும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். செடியைக் கண்டால் இறங்கித் தள்ளுங்கள். நெல் காய்கிற இடத்தில் மேலே ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறு.

12. நண்டலாறு தாண்டினால் காரைக்கால், புதுச்சேரி அரசின் எல்லை. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். மத்தியானச் சாப்பாடும் தூக்கமும் இங்கே. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெளியே தலை நீட்டாதீர்கள். காரைக்கால் அம்மையார் கோயில் நடை சாத்தியிருக்கும், பரவாயில்லை. மாங்கனியைப் பார்த்து மிரண்டு, கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்ட புருஷனின் கதை உங்களுக்குத் தெரியும். இந்த வழியே அப்படித்தான்: பூம்புகாரில் சேர்ந்து கிளம்பிய ஜோடி, திருக்கடையூரில் மறுபடி மாலை மாற்றுகிற ஜோடி, காரைக்காலில் பிரிந்த ஜோடி. மிதிக்கிற நேரத்தில் பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

சாயங்காலம் இருட்டும்வரை இந்தப் பகுதியில் இருக்காதீர்கள். மதுக்கடைகள் நிறைய. பொழுது சாய்ந்ததும் இருசக்கர வண்டிகளின் போக்கு கோணலாகிவிடும். தெற்கே வாஞ்சூர்ப் பக்கம் துறைமுகத்து நிலக்கரி லாரிகள் வேறு. கறுப்புத் தூசி கண்ணில் விழும், சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

13. "போதும்" என்று யார் சொன்னாலும் போதும். இதைக் கிளம்புமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்கக்கூடாது, "இன்னும் 18 கிலோமீட்டர்தானே" என்று கெஞ்சக்கூடாது, அடுத்த மாதம் சொந்தக்காரர் வீட்டில் சொல்லிக் காட்டவும் கூடாது. நாகூர் அதற்குத் தோதான ஊர். தஞ்சை மன்னர் பிரதாபசிம்மன் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா தூரத்திலேயே தெரிந்துவிடும். தர்காவில் எந்த மதத்தாரும் போய் உட்காரலாம், அங்கேயே பாதிக் களைப்பு இறங்கும். இறால் வைத்துச் சுட்ட வாடா வாங்கிச் சாப்பிடுங்கள். இங்கேயே தங்கிவிட்டு மறுநாள் மிச்சத்தைப் பார்த்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? விடுதியில் இரண்டு பேரின் ஆதாரும் கேட்பார்கள். இளசுகளானால் இன்னும் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள்.

14. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிவரை வழி கேட்டால் "சுனாமி குடியிருப்பு தாண்டி லெப்ட்டு" என்பார்கள். கடலோரக் கிராமங்களில் அது சாதாரண அடையாளம். 2004 டிசம்பர் 26 அன்று இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். டீக்கடையில் யாராவது தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கிளறாதீர்கள், படம் எடுக்காதீர்கள். டிசம்பர் 26-ஐப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

15. ஆறு மணிக்குள் வேளாங்கண்ணி. திரும்பி மிதிக்க வேண்டாம். முன்கூட்டியே ஒரு குட்டியானை பேசி வைத்தால் இரண்டு சைக்கிளையும் படுக்கப்போட்டு, நீங்கள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வந்து சேரலாம். சைக்கிளுக்கு அடியில் சாக்கு விரிக்கச் சொல்லுங்கள், செயின் பக்கம் மேலே இருக்க வேண்டும்.

வந்த அன்றைக்கே, குளிக்குமுன், உப்பைத் துடைத்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கம்பிகள், நட்டுகள், பிரேக் கயிறு எல்லாம் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொருமுறை துடையுங்கள். ஒரு ராத்திரி விட்டாலே செயினில் செம்மண் நிறத்தில் துரு ஏறிவிடும். காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்து எடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வேலையை யார் செய்வது என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்மானமாகவில்லை. உங்கள் வீட்டில் கிளம்புமுன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.